அப்டேட் போட்டவர்

கடற்கரை ரயில் போக, வெள்ளவத்தை மாடிவீட்டு யன்னலோடு சேர்ந்து சாம்பவியின் லப்டொப்பும் நடுங்குகிறது. திரையில் விழும் மாலை வெயிலைக் கையால் மறைத்தபடி, அலுவலக சேர்வரின் பெயரைக் கட்டளைகள் எழுதும் கறுப்புத் திரையில் தட்டுகிறாள். அப்படியொரு பெயரே இல்லை என்கிறது அது. பிரவுசரில் அதே பெயர் உடனே திறக்கிறது. வேலையை அனுப்புவதோ கறுப்புத் திரை வழியாக; இன்று அனுப்பாவிட்டால் அவளை நிரந்தரமாக்க மாட்டார்கள். “என்னத்தைத் தொட்டனீங்கள்?” என்று கேட்கிறாள். “ஒண்டையும் தொடேல்லை. நீர் குளிக்கேக்க அப்டேட் கேட்டது, அமத்தினனான். உதவி செய்தாலும் பொலிஸ் விசாரணைதான்,” என்று சிரிக்கிறான் கணவன் கஜீவன். அவனது தேநீர்க் கோப்பைக்குள் கரண்டி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பெயர்களுக்கு முகவரி சொல்லும் அலுவலக டிஎன்எஸ் சேர்வரிடமே அவள் நேராகக் கேட்கிறாள். பதில் வருகிறது. அந்த டிஎன்எஸ் சேர்வரைக் காட்டி, கறுப்புத் திரைக்காக அவள் எழுதி வைத்திருந்த வரியைத்தான் அப்டேட் அழித்திருக்கிறது. திரும்ப எழுதிச் சேமிக்கிறாள். லப்டொப் பாஸ்வேர்ட் கேட்கிறது, கொடுக்கிறாள். வேலை போய்ச் சேர்கிறது. “பாத்தீரே, நான் இல்லை,” என்கிறான் கஜீவன். சாம்பவி திரும்பிப் பார்க்கவில்லை. “ஓம். ஆனா அப்டேட்டும் பாஸ்வேர்ட் கேட்டிருக்குமே.” அந்த பாஸ்வேர்டை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. கோப்பைக்குள் கரண்டி நிற்கிறது.