ஊதாவும் வெள்ளையும்

பத்தாம் வகுப்புக் கலைமணி, அழகாக இருக்கிறதே என்று ஊதாவும் வெள்ளையுமாக ஒரு கயிறு வாங்கிக் கையில் கட்டியிருந்தாள். “எங்க சாதிக் கயித்த நீ கட்டுவியாட்டி?” என்று வகுப்புப் பையன்கள் பிளேடால் அறுத்தார்கள். மணிக்கட்டில் நான்கு தையல்.

“பெல்பாட்டம், ஸ்டெப் கட்டிங் எல்லாம் வந்துச்சு, போச்சு. இதுவும் ஃபேஷன்தான். பெருசாக்காதீங்க டீச்சர்,” என்றார் தலைமையாசிரியர் என்னிடம்.

“பெல்பாட்டம் போட்டதுக்கு எவனாவது கைய அறுத்தானா சார்?”

“உங்க வீட்ல நீங்கதான மொதல்ல படிச்சது? கெடச்ச வேலையக் காப்பாத்திக்கிடுங்க.”

கையோடு கொண்டுவந்திருந்த கத்தரிக்கோலை அவர் மேசையில் வைத்தேன். “நாளைக்குப் பிரேயர்ல எல்லாப் பயலுக கயித்தையும் நீங்களே வெட்டுங்க.”

அதைத் தள்ளிவிடக் கை நீட்டினார். முழுக்கைச் சட்டை மேலேறியது. கடிகாரத்துக்குக் கீழே ஊதாவும் வெள்ளையும், பல வருட வியர்வையில் மங்கிப்போய். அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டார்.

கத்தரிக்கோலை நானே எடுத்தேன். “கைய நீட்டுங்க சார்.”