ஆற்றின் நடுவே வன்னிச்சி

"அண்ணை, சீரகத்தைத் திரும்பக் கொட்டுங்கோ. அந்தக் கட்டுக்குள்ளை கிடக்கிற தாளிலை சுத்தித் தாங்கோ."

கடைக்காரர் சிற்றம்பலம் சுற்றிய காகிதச் சரையைப் பிரித்துச் சீரகத்தைக் கொட்டிவிட்டு, சிவனேஸ்வரி காட்டிய தாளை உருவினார். அதிலும் அவள் தேடியது இல்லை. யாரோ ஒருவரின் பல்வலிக்கு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். அவள் முகம் வாடிப்போயிற்று.

வன்னிக் காட்டில் இரணைமடு வாய்க்காலை நம்பி வந்து குடியேறியவர்களுக்கு அவர் கடை ஒன்றுதான் கடை. சரக்குச் சுற்றுவதற்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் பழைய வாரப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். அந்தக் கட்டுகளுக்குள் எங்கெங்கோ 'அடங்காத வன்னிச்சி' என்ற தொடர்கதை சிதறிக் கிடந்தது. சிவனேஸ்வரி சீரகத்துக்காக வரவில்லை, அந்தக் கதைக்காகத்தான் வருகிறாள் என்பது சிற்றம்பலத்துக்கு எப்போதோ விளங்கிவிட்டது.

வீட்டிலோ சீரகமும் மல்லியும் போத்தல் போத்தலாக நிறைந்துவிட்டன. பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற சரக்கெல்லாம் இருக்கிறது, பிள்ளைதான் இன்னும் வரவில்லை என்று அவள் புருஷன் அப்புத்துரை கேலி செய்வான். நல்ல மனிதன். விடிந்தால் வயல், பொழுதுபட்டால் பாய். வாயைத் திறந்தால் மழைக் கதை, இல்லாவிட்டால் மாட்டுக் கதை. பத்திரிகை வாங்குகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

கதையில் வன்னிநாட்டை ஆளும் வன்னிச்சி செங்கமலம் லேசுப்பட்டவள் இல்லை. வில்லெடுத்தால் குறி தப்பாது. குளக்கட்டை வெட்ட வந்த பகைவர் படையை யானைமேல் ஏறித் தனியொருத்தியாய்த் துரத்தியவள். வாசற்படி தாண்டுவதற்கு அவள் ஒருநாளும் ஒருவரிடமும் உத்தரவு கேட்டதில்லை. ஈரவிறகோடு மல்லுக்கட்டிக் கண்ணைக் கசக்கும்போதெல்லாம் சிவனேஸ்வரிக்கு அவளுடைய நினைவு வரும். நெஞ்சு ஏங்கிப்போகும்.

தொற்றுநோய் மாதிரி அந்தக் கதை சிற்றம்பலத்துக்கும் பிடித்துக்கொண்டது. இப்போதெல்லாம் தாளை வாசித்துவிட்டுத்தான் சரக்குச் சுற்றுவார். ஆனால் 'கடலோரன்' என்று பெயர் போட்டு எழுதிய ஆளை மட்டும் அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

"நடுக்காட்டிலை பனையாம் பிள்ளை! பாலை, முதிரை, வீரை எண்டு எத்தனை மரம் நிக்குது. இவனுக்குப் பனையை விட்டால் வேறை மரம் தெரியாது. யாழ்ப்பாணத்தை விட்டு ஆனையிறவைத் தாண்டி ஒருநாளும் இந்தப் பக்கம் வந்திருக்கமாட்டான்."

சிவனேஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"எழுதின காலத்திலை இஞ்சை வராத ஆளாக்கும்" என்று குனிந்தபடி சொன்னாள்.

இவ்வளவு தேடுகிறாயே, கதை எதுவரைக்கும் உனக்குத் தெரியும் என்று அவர் கேட்டார்.

"ஆத்துக்குக் குறுக்கை கயித்திலை தொங்கிறது வரைக்கும் தெரியும் அண்ணை. அதுக்குள்ளை எனக்குக் கலியாணம் வந்திட்டுது."

அந்த இடம் சிற்றம்பலத்துக்கும் தெரியும். கனகராயன் ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. இந்தக் கரையில் ஒரு பனை, அந்தக் கரையில் ஒரு பனை, இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. பின்னால் பகைவர் துரத்தி வர, செங்கமலம் கயிற்றைப் பிடித்துத் தொங்கித் தொங்கிப் பாதி ஆறு கடந்துவிட்டாள். அப்போது அக்கரைப் பனைக்குப் பின்னாலிருந்து கத்தியோடு ஒரு கை நீண்டு கயிற்றை அறுக்கத் தொடங்குகிறது.

கலியாணமாகி மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் வன்னிச்சி அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தாள். களை பிடுங்கும்போதும் நெல் அவிக்கும்போதும் அவளைக் கரைசேர்க்கச் சிவனேஸ்வரி எத்தனை வழி யோசித்திருப்பாள்! ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மறு கையால் இடுப்புக் கத்தியை எறிந்தால் என்ன? கயிறு அறுந்தாலும் நுனியை விடாமல் நீந்தினால் என்ன? எப்படியோ, அவள் தானாகவே கரையேறவேண்டும். அதை மட்டும் அச்சில் ஒருமுறை கண்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

அறுவடை முடிந்த கையோடு ஒருநாள் அவள் கடைக்குப் போனபோது, சீரகம் கேட்பதற்கு முன்பே சிற்றம்பலம் ஒரு தாளை நீட்டினார்.

"உன்ரை வன்னிச்சி கரைசேந்திட்டாள். முற்றும் எண்டு போட்டுக் கிடக்கு."

சிவனேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்று வாசித்தாள். செங்கமலம் பயத்தில் கயிற்றிலேயே மயங்கிப்போகிறாள். சேனாதிபதி ஒருவன் பாலைமரக் கொப்பிலிருந்து பாய்ந்து, கத்திக்காரனை வெட்டி வீழ்த்தி, அவளைத் தோளில் தூக்கி வருகிறான். கண் விழித்தவள் வில்லை அவன் காலடியில் வைக்கிறாள். கலியாணம். மறுநாட் காலையில் மடைப்பள்ளிக்குள் நுழைந்து தன் கையாலேயே அவனுக்குச் சமைக்கிறாள்.

தாளின்மேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது.

சிற்றம்பலம் பதறிப்போனார். கலியாணத்தில்தானே முடிந்திருக்கிறது, இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று தேற்றினார். சீரகம் சுற்றட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணை. இனிச் சீரகம் தேவைப்படாது."

அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று அவர் பழைய கேலியை எடுத்தார். "ஒண்டு கவனிச்சியே பிள்ளை? பனையைக் காணேல்லை. பாலைமரம் எண்டு சரியா எழுதியிருக்கிறான். கடலோரன் கடைசியிலை திருந்தியிட்டான்."

"திருந்தேல்லை. எழுதின கை மாறியிட்டுது."

"அது எப்பிடி? பேர் கடலோரன் எண்டுதானே கிடக்கு?"

சிவனேஸ்வரி தாளை நாலாய் மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"பேரை ஆரும் போடலாம் அண்ணை. அவளை ஆத்துக்கு நடுவிலை தொங்கவிட்டிட்டு மணவறைக்குப் போனது நான்தான்."