தெளிவு தரும் மாத்திரை

“நீங்க சாப்பிட்டீங்களா நர்சம்மா? முதல்ல நீங்க சாப்பிடுங்க. எனக்கென்ன அவசரம்!”

பாலில் நனைத்த ரொட்டியோடு நீண்ட கரண்டி அந்தரத்தில் நின்றது. அவளுக்கு இந்த உபசாரம் இன்னும் பழகவில்லை. ஒரு தொழிற்சாலையையே அதட்டி மேய்த்த ஃபோர்மேன் அவர். இப்போது கை நடுங்குகிறது, நடை இழுக்கிறது. காலையில் தெளிவாக இருக்கிற புத்தி மதியத்துக்குள் மங்கிவிடுகிறது. பேச்சில் மட்டும் தேன் வழிகிறது.

“அந்தப் பசங்களுக்கும் ரெண்டு பிஸ்கட் கொடுத்துடுங்க. பாவம், ரொம்ப நேரமா அலமாரி ஓரமாவே நிக்குதுங்க.”

அலமாரி ஓரத்தில் ஒரு ஈ, காக்கைகூட இல்லை. அவள் எழுந்துபோய் இரண்டு பிஸ்கட்டை அங்கே வைத்துவிட்டு வந்தாள்.

“கையில என்னம்மா, இப்படிக் கன்னிப்போயிருக்கு?”

“ராத்திரி தூக்கத்துல யாரையோ விரட்டினீங்க ஐயா. கட்டில்லேர்ந்து விழுந்துடப் போறீங்கன்னு புடிக்க வந்தேன், பட்டுடுச்சு.”

ஃபோர்மேன் துடித்துப்போனார். “அடப் பாவமே! ஒரு பொம்பளை மேல கை படலாமா? மன்னிச்சிடுங்க. நான் அப்படிப்பட்ட ஆளில்லைம்மா.” பிறகு வாசல் பக்கம் பார்த்துப் பல்லைக் கடித்தார். “எல்லாம் அவளால வந்தது. புருஷனை இப்படிப் போட்டுட்டு எங்க சுத்தப் போயிருக்கா? வரட்டும். ரெண்டு அறை விட்டாத்தான் வழிக்கு வருவா.”

“அவங்களும் பொம்பளைதானே ஐயா?”

“அவ பொண்டாட்டி!” என்றார் ஃபோர்மேன், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

சாயங்காலம் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். சின்ன வயசு, நிதானமான ஆள். பரிசோதனை முடிந்ததும் அவளை வராந்தாவுக்கு அழைத்துவந்தார்.

“இது லூயி பாடிங்கிற மறதி நோய்தாம்மா. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் குழப்பம். தூக்கத்துல கை காலை வீசறதும் இதோட சேர்ந்ததுதான். கத்தறார்னு சொல்லி, அடக்கறதுக்கு வேற மாத்திரை எதையும் நீங்களா வாங்கிக் கொடுத்துடாதீங்க. உடம்பு கட்டை மாதிரி இறுகிடும்.”

“குணமாகுமா டாக்டர்?”

“முழுசா ஆகாது. ஆனா இந்த மாத்திரையில கொஞ்சம் தெளிவு வரலாம். ஆள் அடையாளம் தெரியலாம். பழைய மாதிரி பேசுவார்.”

பழைய மாதிரி! டாக்டர் நீட்டிய மருந்துச் சீட்டை அவள் கையில் வாங்கினாள். அவர் தெளிந்துவிட்டால் இந்த வீட்டில் தனக்கு இந்த இடம் இருக்காது. நர்சம்மாவும் போய்விடும், நீங்களும் வாங்களும் போய்விடும். பெரிய சம்பாத்தியம் ஒன்றும் இல்லைதான். ஆனால் இந்த வீட்டில் அவள் கண்ட சுகம் அது ஒன்றுதான்.

மருந்துச் சீட்டை டாக்டரிடமே திருப்பி நீட்டினாள். “வேண்டாம் டாக்டர். இப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்னம்மா பேசறீங்க? தன் பொண்டாட்டி யாருன்னு அந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டாமா? உங்களைப் போய் நர்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரே!”

“நாப்பது வருஷம் பொண்டாட்டின்னு தெரிஞ்சுதானே டாக்டர் இருந்தார்?” என்றாள் அவள்.