காணையிலிருந்து மறுபடியும்

விழுப்புரத்துப் பால் சங்கம் ஒன்றின் கம்ப்யூட்டர் அறை வாசலில் மூன்று ஜோடிச் செருப்புகள் கிடக்கின்றன. உள்ளே ஏ.சி. உறுமுகிறது. திரையின் பச்சை வெளிச்சம் இருதயசெல்வியின் மூக்குக்கண்ணாடியில் விழுகிறது. உறுப்பினர் பெயர்களையெல்லாம் ஆறு மாதம் உட்கார்ந்து ஏற்றியவள் அவள்தான். சங்கம் இப்போது வேறு கம்பெனியின் புரோகிராமுக்கு மாறுகிறது. பழைய ஃபைலோ பழைய கம்பெனியின் புரோகிராமில் மட்டுமே திறக்கும். அதைப் படித்துப் பெயர்களை வெளியே கொட்ட அவளே சின்னதாய் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறாள். என்ட்டர் பொத்தானின் மேல் விரல் நிற்கிறது.

"தட்டாதம்மா," என்கிறார் மெட்ராஸிலிருந்து வந்திருக்கும் பழைய கம்பெனிக்காரர், மடியிலிருக்கும் ஒப்பந்தத்தை நீவியபடி. "ஃபைல் அமைப்பு எங்களுது. பிரிச்சிப் பாத்தா கேஸு."

"கயிறு உங்களுதுன்னா மாட்டயும் புடிச்சிக்கினு போவீங்களா சார்?" என்கிறார் செயலாளர் தேவநாதன்.

"மாட்ட ஓட்டிக்கினு போங்க. கயித்த அறுக்காதீங்கன்றேன்."

தேவநாதன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் பார்க்கிறார். "கோர்ட்டுக்கு அலைய நம்மால ஆவாது, செல்வி."

அவள் விரலை எடுக்கிறாள். தான் எழுதிய புரோகிராம் இருக்கும் ஃபிளாப்பியை உருவி, உறையில் போட்டு, மேசை டிராயருக்குள் வைத்துச் சாத்துகிறாள். தேவநாதன் பீரோ மேலிருந்து உறுப்பினர் விண்ணப்பக் கட்டை இறக்கி, இறுகிப்போன சணல் முடிச்சைப் பல்லால் கடித்து இழுக்கிறார். புதிய புரோகிராம் காலித் திரையோடு திறக்கிறது. கட்டு அவிழக் காத்திராமல் செல்வி முதல் ஊரிலிருந்து மனப்பாடமாய்த் தட்டுகிறாள். காணை, கண்ணையன். காணை, கெங்கம்மாள். காணை, கோவிந்தம்மாள். முடிச்சு அவிழும்போது திரை பாதி நிறைந்திருக்கிறது.