தலைகீழ் வானிலை

கணவரின் ஆராய்ச்சியை அம்மாவிடம் எடுத்துச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. தானே எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஒன்று கிடக்க ஒன்று சொல்லி, மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை மூட்டிவிட்டால்?

சொல்லாமலும் இருக்க முடியவில்லை. காலையில் அவர் அடித்த கூத்து அப்படி.

மழையை எந்த அளவுக்கு முன்கூட்டியே கணிக்க முடியும் என்று கணக்குப் போடும் பேராசிரியர் அவர். ஷூ மாட்டிக்கொண்டே கேட்டார்.

“அத்தை, இன்னைக்கு மழை வருமா?”

“மழையா? ஒரு சொட்டு விழாது மாப்பிள்ளை.”

உடனே ரெயின்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். மனைவியைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அவர் தலை மறைந்ததும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கோவிச்சுக்காதேம்மா. அவர் ஒண்ணும் உன்னை மதிச்சுக் கேக்கலை.”

“பின்னே?”

“பாதி நாள் சரியாவும் பாதி நாள் தப்பாவும் சொல்றவங்களால பிரயோஜனமே இல்லையாம். காசைச் சுண்டிப் பாக்கறதும் அதுவும் ஒண்ணாம். ஆனா எப்பவும் தப்பாவே சொல்ற ஆள் கிடைச்சா பொக்கிஷமாம். தலைகீழா எடுத்துக்கிட்டா முழுத் தகவலும் கைக்கு வந்துடுமாம்.”

“அந்தப் பொக்கிஷம் நானாக்கும்!”

“இன்னைக்குக் காலேஜ் மேடையில பேசறப்போ உன்னைத்தான் உதாரணமா சொல்லப்போறார்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இனிமே அவர் கேட்டா வாயே திறக்காதே.”

“திறக்கலைன்னா மனுஷன் நனைஞ்சுடுவாரேடி!”

“என்னம்மா சொல்றே?”

“முதல்ல நான் சரியாத்தான் சொன்னேன். ‘மழை வரும், கோட்டு எடுத்துக்குங்க’ன்னேன். ‘உங்களுக்கு என்ன தெரியும்’னு வீம்புக்கு வெறுங்கையோட போனார். நனைஞ்சு, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில கிடந்தார். நீ ராப்பகலா அழுதே. அன்னையிலேர்ந்து மாத்திச் சொல்றேன்.”

“மழை வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“ரேடியோவுலதான் தினமும் சொல்றானே! உங்க வீட்டுப் பேராசிரியர்தான் அதைக் கேக்கமாட்டார்.”

வெளியே சடசடவென்று பிடித்துக்கொண்டது. போனும் அடித்தது.

“பாத்தியா! உங்கம்மா இன்னைக்கும் ஃபெயில்! என் மேல ஒரு துளி படலை!”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா உதட்டில் விரலை வைத்தாள்.

“ஆமாங்க, அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது. நாளைக்கும் மறக்காம அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டே கிளம்புங்க.”