ஒன்பது ‘பி’யின் பட்டாசு

காலை எட்டு ஐம்பத்திரண்டு.

“சார், பேனாவை மூடுங்க. கையெழுத்துப் போட்டுடாதீங்க.”

கணக்கு டீச்சர் கதவைத் தட்டாமலேயே உள்ளே வந்துவிட்டாள். மாடியிலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் ஒரு விடைத்தாள்.

தலைமையாசிரியரின் மேஜையில் டி.சி. தயாராக இருந்தது. ஒன்பது மணிக்குப் பெண்ணின் அப்பா வருவார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“டீச்சர், ஸ்டாஃப் ரூம் மொத்தமும் ஒரே குரலா சொல்லுது. அந்தப் பட்டாசை அனுப்பிடலாம்.”

பட்டாசு என்பது ஒன்பது ‘பி’யில் படிக்கும் பெண்ணுக்கு ஸ்டாஃப் ரூம் வைத்த பெயர். இரண்டே மாதத்தில் சம்பாதித்தது.

“சின்னப் பொண்ணு சார்.”

“சின்னப் பொண்ணா? திங்கக்கிழமை பதினோரு மணிக்கு லாங் பெல் அடிச்சா. முழு ஸ்கூலும் வீட்டுக்குப் போயிடுச்சு. நானே பையை எடுத்துக்கிட்டு கேட் வரைக்கும் போயிட்டேன்.”

“கடிகாரம் பாக்கலையா சார்?”

“பெல் அடிச்ச பிறகு எவன் கடிகாரம் பாப்பான்?”

டீச்சர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள்.

“எட்டாவது வரைக்கும் அவ பேரே என் காதுல விழுந்ததில்ல,” என்றார் அவர். “இந்த வருஷம்தான் புத்தி கெட்டுப்போச்சு.”

“வயசு சார். இந்த வயசுலதான் ஒருத்தர் கையைப் பிடிக்கணும்.”

“இது எந்தப் படத்துல வந்த வசனம்?”

டீச்சர் விடைத்தாளால் விசிறிக்கொண்டாள். மூன்று படங்களில் வந்த வசனம். அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான், அந்த மாதிரிப் புத்தகங்களைப் படித்துத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். புது டீச்சர் வகுப்புக்குள் நுழைவார். கடைசி பெஞ்சில் ஒரு முரட்டுப் பிள்ளை இருக்கும். யாருக்கும் அடங்காது. டீச்சர் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், விடவும் மாட்டார். கடைசியில் அந்தப் பிள்ளை அழும். தியேட்டரில் இவளும் அழுவாள்.

“நீங்க சேர்ந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கா?” என்றார் தலைமையாசிரியர். “இதே நாற்காலியில உட்கார்ந்து ராஜினாமா கடிதம் கொடுத்தீங்க. பதிவேடு கொண்டுவந்த உங்க வகுப்பு லீடர்கூட வாசல்ல நின்னுக்கிட்டிருந்தான். பிள்ளைங்க எல்லாம் சொன்னபடி கேக்குது, எனக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டீங்க. ஒரே வருஷத்துல நாலாவது கணக்கு டீச்சரும் போறாங்களேன்னு பேப்பர் விளம்பரமே எழுதி வெச்சேன்.”

“கடிதத்தைத் திருப்பி வாங்கிட்டேனே சார். மறுநாளே இவ மேஜை மேல ஏறி நின்னுட்டாளே. விட்டுட்டுப் போக மனசு வருமா?”

அன்றிலிருந்து அவள் பாடம் நடத்திய விதமே வேறு. பட்டாசுக்குப் புரிய வேண்டும் என்று ஒரே கணக்கை நாலு வழியில் போட்டாள். தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு எல்லோரையும் அதன்மேல் நடக்க விட்டாள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து தொங்கின. ஒன்பது ‘பி’யில் கணக்கில் தோற்க ஆளே இல்லாமல் போனது, பட்டாசைத் தவிர. அவள் எல்லாத் தேர்விலும் முட்டை வாங்கினாள்.

நேற்று வரைக்கும்.

டீச்சர் விடைத்தாளை டி.சி.யின் மேலேயே வைத்தாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.

“பக்கத்துல யார் உட்கார்ந்தா?”

“யாருமில்ல. உங்க ரூம் வாசல்ல தனியா உட்கார வெச்சேன். நீங்களே ரெண்டு தடவை தாண்டிப் போனீங்க.”

அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறகு டி.சி.யை நாலாகக் கிழித்தார்.

“படத்துலதான் இப்படி எல்லாம் நடக்கும்னு நினைச்சேன் டீச்சர்.”

அவள் நன்றி சொன்னாளா என்று அவளுக்கே நினைவில்லை. இரண்டிரண்டு படியாக ஏறினாள். வராந்தாவில் ஓடக் கூடாது என்ற பலகையைத் தாண்டி ஓடினாள்.

ஒன்பது ‘பி’யில் முப்பத்தாறு பேரும் எழுந்து நின்றார்கள். முதல் பெஞ்சில் பட்டாசு, கையைக் கட்டிக்கொண்டு.

“டி.சி. கிழிஞ்சாச்சு. நீ இங்கதான் படிக்கிற.”

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பட்டாசு உண்மையாகவே அழுதாள். டீச்சருக்கும் கண் நிறைந்தது. இவ்வளவு வருடமாக அவள் காத்திருந்த காட்சி.

“உட்காருங்க. இன்னொரு விஷயம். என் வேலை இங்க முடிஞ்சுது. இனிமே இந்த வகுப்புல திருத்த யாருமில்ல. ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூல் இருக்கு. அங்க மூணு டீச்சர் அழுதுகிட்டே ஓடிட்டாங்களாம். திங்கக்கிழமை முதல் அங்க போகலாம்னு இருக்கேன்.”

கைதட்டல் பட்டென்று நின்றது. யாரும் உட்காரவில்லை. எல்லோரும் வகுப்பு லீடரைப் பார்த்தார்கள்.

லீடர் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. பென்சிலுக்குக்கூட உறை போட்டு வைத்திருப்பவன். அவன் மெல்ல நடந்து வந்தான். மேஜையிலிருந்த வருகைப் பதிவேட்டை எடுத்தான். ஜன்னல் வழியாகக் கீழே வீசினான்.

டீச்சரின் நெஞ்சு துள்ளியது. இவனா? இவனுக்குள்ளேயா?

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது, அழாத குறையாக.

“டேய் லீடர், சீட்டுக் குலுக்கினப்போ இவளுக்கு அடுத்து என் பேருதானே வந்துச்சு? ரெண்டு வாரமா வீட்டுல ஒத்திகை பாத்துட்டிருக்கேன், நீ எதுக்குடா முந்துற?”