சின்ன மாற்றம்

"நாகலெட்சுமி, இதுவும் ஏறேல்லை. என்ன செய்து வைச்சிருக்கிறீங்கள்?"

குகநேசன் அதே கேள்வியைக் கேட்பது அன்று காலையிலிருந்து ஏழாவது தடவை. நாகலெட்சுமி அடுத்த தராசின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த போர்டில் வயரைக் கொழுவினாள். கொம்பியூட்டரில் மறுபடியும் அதே சிவப்பு எழுத்து. சிப்பிடமிருந்து பதில் இல்லை.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிர்ப்புற மாடியில் இருந்த குகநேசனின் பட்டறையில், தேயிலைத் தோட்டங்களுக்குக் கொழுந்து நிறுக்கும் எலக்ட்ரோனிக் தராசு செய்தார்கள். ஒவ்வொரு தராசுக்குள்ளும் நகமளவு ஒரு சிப். அதன் ஃபிளாஷ் மெமரியில் புரோகிராமை ஏற்றினால்தான் தராசுக்கு நிறுக்கவே தெரியும். ஏற்றுவது நாகலெட்சுமியின் வேலை. போர்டில் ஒட்டுவதற்கு முன்பே, எட்டுக் குழி மெஷினில் எட்டு எட்டாக வைத்து, முப்பது தடவையில் இருநூற்று நாற்பது சிப்பையும் முடித்திருந்தாள். ஒன்றில்கூடப் பிழை வரவில்லை.

எல்லாம் பெட்டி கட்டி லொறிக்குக் காத்திருந்த நேரத்தில்தான் லக்ஸ்மன் வந்து சேர்ந்தார். தராசுகளுக்கு ஓடர் கொடுத்த, தோட்டங்களை நடத்தும் கொழும்புக் கம்பெனியின் மனேஜர். கையில் ஒரு சீடி.

"ஒரு சின்ன மாற்றம்தான் குகன். பழைய புரோகிராமை அழிச்சிட்டு இதை ஏத்திக் குடுங்க. நாலு மணிக்கு லொறி வந்துரும்."

கட்டின பெட்டிகளை எல்லாம் பிரிக்க வேண்டும். இதுதான் சின்ன மாற்றமா என்று நாகலெட்சுமிக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் பிரித்தாள். பன்னிரண்டு தராசைத் திறந்தாயிற்று. ஒன்றும் அசையவில்லை. வயரை மாற்றினார்கள், கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டார்கள். லக்ஸ்மன் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நடந்தார்.

கடைசியில் குகநேசன் கதிரையைப் பின்னால் தள்ளினார்.

"லொக் விழுந்திருக்கு. சிப்பில ஏத்தேக்க ஒரு கட்டம் வரும். அதில சரி போட்டால், பிறகு வயரைக் கொழுவி உள்ளுக்கிருக்கிறதை மாத்தேலாது. இவ எல்லாத்துக்கும் சரி போட்டிருக்கிறா."

நாகலெட்சுமிக்கு முகம் சுட்டது. போன மாதம் வேலைத் தாளில் 'கட்டாயம் லொக் பண்ணவும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துக் கொடுத்தவர் இதே குகநேசன்தான்.

"சேர், அது நீங்கதான..."

"வாயைத் திறக்காதீங்கோ. செய்யிறதையும் செய்துபோட்டுக் கதை வேற."

"சிப்பைக் கழற்றிப் புதுசு போடுங்க," என்றார் லக்ஸ்மன்.

"ஒண்டைக் கழற்ற அரை மணித்தியாலம். அதுவும் போர்ட் கருகாமல் வந்தால். புது சிப் சிங்கப்பூரில இருந்து வர ஆறு கிழமை."

"ஆறு கிழமையா? திங்கக்கிழமை டயகம தோட்டத்துல இதுலதான் கொழுந்து நிறுக்கணும். பழைய தராசையெல்லாம் ஏத்தி அனுப்பிட்டாங்க." லக்ஸ்மன் நாகலெட்சுமி பக்கம் திரும்பினார். "இந்தம்மாவை எல்லாம் யாரு வேலைக்கு வச்சது? முதல்ல வீட்டுக்கு அனுப்புங்க."

"அனுப்பத்தான் போறன்," என்றார் குகநேசன்.

அவ்வளவுதான். மூன்று வருடம் இந்த மனிதனின் சிடுசிடுப்பைத் தாங்கிக்கொண்டு வேலை செய்ததற்கு இதுதானா மரியாதை? நாகலெட்சுமி வேலைக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். கைப்பையை எடுத்தாள். ஆனால் போகவில்லை. அந்தத் தாளைக் காட்டாமல் படியிறங்குவதில்லை என்று சுவரோரமாய் நின்றாள்.

லக்ஸ்மன் போனில் யார் யாரிடமோ கத்தினார். வெளியே போனார், உள்ளே வந்தார். லொறி கீழே ஹோன் அடிக்கத் தொடங்கியது.

"சரி, இருக்கிறபடியே ஏத்துங்க," என்று கடைசியில் சொல்லிவிட்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் இறங்கிப் போனார்.

பெட்டிகள் போய் முடிந்ததும் நாகலெட்சுமி கோப்பிலிருந்து அந்தத் தாளை உருவி குகநேசன் முன்னால் வைத்தாள்.

"இது யாரு எழுத்துன்னு பாருங்க சேர். அந்த ஆளு இருக்கும்போதே காட்டியிருப்பேன். ஒங்க மானம் போயிருமேன்னு பொறுத்துக்கிட்டேன். ஒங்க பிழைய என் தலையில கட்டிட்டீங்க. நாளையிலேருந்து நான் வர மாட்டேன்."

குகநேசன் தாளை வாசித்தார். எழுந்து போய் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ர எழுத்துத்தான். பிழையா எழுதேல்லை, தெரிஞ்சுதான் எழுதினனான். உங்களை ஏசினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. முன்கூட்டியே சொல்லியிருந்தால் உங்கட முகமே லக்ஸ்மனுக்குக் காட்டிக் குடுத்திருக்கும்."

"என்னத்தைச் சேர் காட்டிக் குடுக்கும்?"

"பிறகு ஒரு சின்ன மாத்தம் இருக்குமெண்டு போன மாசம் போனில சொன்னவர். என்ன மாத்தமெண்டு கேட்டன். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னார்." குகநேசன் கொம்பியூட்டரிலிருந்து சீடியை வெளியே எடுத்தார். "இதை ஏத்தியிருந்தால், பறிக்கிற சனம் தட்டில எவ்வளவு கொழுந்தை வைச்சாலும் எங்கட தராசு ரெண்டு கிலோவை விழுங்கிப்போட்டு மிச்சத்தைத்தான் காட்டும்."